சிண்டர்: நெருப்பு பாதியில் விட்டுப்போனது

நிலக்கரி எரிந்து ஆறிய ஓர் உலையின் அடியைக் கிளறினால் மூன்று விதமான மிச்சம் கிடைக்கும். ஊதினால் பறக்கும் தூள் ஒன்று. நிலக்கரிக்குள் ஒளிந்திருந்த சிலிக்கா, அலுமினா, இரும்பு ஆக்சைடு, சுண்ணாம்பு போன்ற கனிமங்கள்தாம் அந்தத் தூள். எவ்வளவு காற்றை ஊதினாலும் அது இனி எரியாது. அதுதான் சாம்பல். இரண்டாவது, கல்லாக இறுகிய கட்டி. உலையின் சூடு ஆயிரம் டிகிரி செல்சியஸை நன்றாகத் தாண்டும்போது சாம்பலே உருகி, ஒன்றோடொன்று ஒட்டி, காற்று வரும் வழியை அடைத்துக்கொள்ளும். உலையில் வேலை செய்தவர்கள் அதைக் கிளிங்கர் என்றார்கள். நீண்ட இரும்புக் கோலால் குத்தி உடைத்து அதை வெளியே இழுப்பதற்குள் தோள் ஓய்ந்துவிடும். மூன்றாவது, கையில் எடுத்தால் எடையே தெரியாத, துளை துளையான, சொரசொரப்பான கருந்துண்டு. அதில் எரிந்த பகுதியும் இருக்கும், எரியாத கரியும் இருக்கும். ஆங்கிலத்தில் அதன் பெயர் சிண்டர்.

ஆங்கில-தமிழ் அகராதிகளில் இந்தச் சொல்லைத் தேடினால் சாம்பல், கரித்துண்டு, கசடு, தணல் என்று ஒரு வரிசை வருகிறது. தணல் என்றால் இன்னும் சூடு இருக்கிறது, சாம்பல் என்றால் எல்லாம் முடிந்துவிட்டது. சிண்டர் இந்த இரண்டுக்கும் இடையே நிற்கிறது. சுடர் அணைந்துவிட்டது, எரிபொருள் தீரவில்லை. மறுபடியும் உலையில் போட்டால் மறுபடியும் எரியும். இந்த ஒரு குணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தச் சொல் போன இடங்களையெல்லாம் தொடர்ந்து பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. சில இடங்களில் அது கச்சிதமாகப் பொருந்துகிறது. சில இடங்களில் வெறும் தோற்ற ஒற்றுமையால் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் அதன் பிறப்பு. பழைய ஆங்கிலத்தில் ‘சிண்டர்’ என்றால் அடுப்புக்கரி அல்ல, இரும்புக் கிட்டம். தாதுவை உருக்கும்போது இரும்பிலிருந்து பிரிந்து வழியும் கசடையும், பழுத்த இரும்பைக் கொல்லன் சம்மட்டியால் அடிக்கும்போது உதிரும் செதிலையும் அப்படிச் சொன்னார்கள். ஜெர்மன் மொழியின் ‘சின்டர்’ இதன் உறவு. உலோகத் தூளை முழுவதும் உருக்காமல் சூட்டால் மட்டுமே ஒட்டவைத்துக் கெட்டிப்படுத்தும் முறையைப் பொறியியல் மாணவர்கள் இன்று சின்டரிங் என்று படிக்கிறார்களே, அது அந்த ஜெர்மன் கிளையிலிருந்து ஆங்கிலத்துக்குத் திரும்பி வந்த சொல்.

அப்போது அதை எழுதியது ‘எஸ்’ எழுத்தில். ‘சி’ எழுத்து பிறகு வந்தது, அது பிரெஞ்சுக்காரர்களின் கைவேலை. பிரெஞ்சில் சாம்பலுக்கு ‘சாந்த்ர்’ என்று பெயர், அதற்கு மூலம் லத்தீனின் ‘கினிஸ்’. ஓசையும் பொருளும் அருகருகே இருந்ததால், ஆங்கில எழுத்தர்கள் தங்கள் சொந்தச் சொல்லுக்கும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலை மாட்டிவிட்டார்கள். எரித்துச் சாம்பலாக்குவதைக் குறிக்கும் ‘இன்சினரேட்’ என்ற சொல்லும் சிண்டரும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று பலர் நம்புவதற்கு இந்த ஓர் எழுத்துதான் காரணம். உண்மையில் இரண்டுக்கும் இரத்த உறவு கிடையாது. ஒன்று லத்தீனின் சாம்பல், மற்றது ஜெர்மானியக் கொல்லனின் கிட்டம்.

அந்தக் கொல்லுலை நாள்களின் தடம் நிலவரைபடத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் டீன் காட்டுப் பகுதியில் சிண்டர்ஃபோர்டு என்று ஓர் ஊர் உண்டு. ரோமானியர் காலத்திலிருந்தே இரும்பு உருக்கிய வட்டாரம் அது. பழைய சிற்றுலைகளின் சூடு இரும்பை முழுவதுமாகப் பிரித்தெடுக்கப் போதவில்லை, கிட்டத்திலேயே நிறைய இரும்பு தங்கிப்போனது. 17ஆம் நூற்றாண்டில் ஊதுலைகள் பெருகியபோது, நூற்றாண்டுக் கணக்கில் மேடு மேடாகக் கிடந்த அந்தப் பழங்கிட்டத்தைத் தோண்டி எடுத்துத் தாதுவோடு சேர்த்து மறுபடியும் உருக்கினார்கள். ரோமானியர் கழித்துப் போட்டதிலிருந்து இங்கிலாந்துக்காரர்கள் இரும்பு எடுத்தார்கள். சொல்லின் முதல் பொருளிலேயே ‘இன்னும் தீரவில்லை’ என்ற குறிப்பு இருந்திருக்கிறது என்று இதை வைத்து நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அப்படிச் சொல்ல ஆசையாக இருக்கிறது.

பிறகு வீடுகளில் விறகின் இடத்தை நிலக்கரி பிடித்தது. உலைக்களத்தில் இருந்த சொல் கணப்படுப்புக்கு இறங்கி வந்தது. அங்கேதான் அதற்கு உலகப் புகழ் கிடைத்தது, அதுவும் ஒரு மொழிபெயர்ப்பாளரின் புண்ணியத்தால். 1697இல் பிரெஞ்சில் ஷார்ல் பெரோ அச்சிட்ட கதையில், வேலை முடிந்ததும் அடுப்பங்கரை மூலையில் சாம்பலில் போய் உட்கார்ந்துகொள்ளும் பெண்ணுக்குச் சான்ட்ரியோன் என்று பெயர். அதைவிடக் கொச்சையான ஒரு பட்டப்பெயரும் அவளுக்கு இருந்தது. அக்காள்காரி அந்தப் பெயரைச் சொல்லி அழைப்பாள், கொஞ்சம் மரியாதை தெரிந்த இளையவள் சான்ட்ரியோன் என்பாள். 1729இல் ராபர்ட் சாம்பர் ஆங்கிலத்தில் பெயர்த்தபோது அவள் ‘சிண்டரில்லா’ ஆனாள், பின்னால் சிண்டரெல்லா. கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட ஜெர்மன் கதையில் அவள் ஆஷென்புட்டல், அந்தப் பெயரிலும் இருப்பது சாம்பல்தான். அங்கே மாற்றாந்தாய் பருப்பைச் சாம்பலில் கொட்டி, பொறுக்கி எடுக்கச் சொல்கிறாள். பறவைகள் வந்து உதவுகின்றன.

ஆக பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் அந்தப் பெண் உட்கார்ந்தது சாம்பலில். ஆங்கிலத்தில் மட்டும் அவளைச் சிண்டரில் உட்கார வைத்துவிட்டார்கள். யோசித்துப் பார்த்தால் இது கொடுமை. சாம்பல் மெத்தென்று இருக்கும், வெதுவெதுப்பாகவும் இருக்கும். குளிரில் ஒரு குழந்தை அதில் ஒண்டிக்கொள்வது புரிகிறது. சிண்டர் தொடையைக் கிழிக்கும். ஓசைக்காக எடுத்த முடிவு என்பது தெளிவு, ‘ஆஷ்’ என்ற ஒற்றை அசையை வைத்துக்கொண்டு சாம்பர் என்ன பெயர் கட்டியிருக்க முடியும்? இருந்தாலும் எனக்கு இந்தத் தவறு பிடித்திருக்கிறது. மேலே கருத்துப்போய், உள்ளே எரிய நெருப்பு மிச்சமிருக்கும் பெண் என்று அவளைப் பார்த்தால், கதைக்குப் பெரோ வைத்த பெயரைவிட ஆங்கிலப் பெயர் பொருத்தமாகிவிடுகிறது.

நிஜ வாழ்க்கையில் சிண்டரில் உட்கார்ந்த பெண்கள் இருந்தார்கள், இளவரசன் யாரும் அவர்களைத் தேடி வரவில்லை. 19ஆம் நூற்றாண்டு லண்டனில் வீடுகளின் அடுப்புக் குப்பையை ஒப்பந்தக்காரர்கள் வண்டிகளில் அள்ளிச் சென்று குன்றாகக் குவித்தார்கள். அதை ‘தூசு’ என்று அழைத்தார்கள், உண்மையில் பெரும்பகுதி நிலக்கரி மிச்சம்தான். இடுப்பளவு தூசுக்குள் நின்றபடி பெண்கள் பெரிய இரும்புச் சல்லடைகளால் அதை நாளெல்லாம் சலித்தார்கள். கீழே விழும் மென்தூளைச் செங்கல் அறுப்பவர்கள் களிமண்ணோடு கலப்பதற்கு வாங்கினார்கள். சல்லடையில் நிற்கும் சிண்டர், அதே செங்கற்களைச் சுடும் சூளைக்கு எரிபொருளாகப் போனது. அந்தத் தொழிலில் சிண்டரை ‘பிரீஸ்’ என்பார்கள். காற்று என்ற பொருள் தரும் சொல்லோடு அதற்குத் தொடர்பில்லை, எரிந்த கரியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. லண்டனின் மஞ்சள் நிறச் செங்கல் கட்டடங்களில் லண்டனின் அடுப்புச் சாம்பலே கலந்திருக்கிறது. கழிவு மறுபயன்பாடு என்று இன்று கருத்தரங்கம் நடத்துகிறோம். அன்று அது கருத்தே இல்லை, வெறும் கணக்கு. குப்பையை அள்ளும் உரிமைக்காக ஒப்பந்தக்காரர்கள் நகராட்சிகளுக்குப் பணம் கொடுத்த காலமும் உண்டு.

அங்கிருந்து கட்டுமானத்துக்கு ஓரடிதான். சிண்டரின் துளைகளில் காற்று இருப்பதால் சிமெண்டோடு கலந்தால் எடை குறைந்த கான்கிரீட் கிடைக்கும், அதில் ஆணியும் இறங்கும். நியூயார்க்கில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த பல கட்டடங்களின் தளங்கள் சிண்டர் கான்கிரீட்டால் போடப்பட்டவை. பென்சில்வேனியாவைச் சேர்ந்த பிரான்சிஸ் ஸ்ட்ராப் என்பவர் 1917இல் சிண்டர் கலந்த கட்டடக் கல்லுக்குக் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் ‘சிண்டர் பிளாக்’ என்ற பெயர் பரவியது. பிரிட்டனில் அதையே, பழைய சலிப்புக்களத்து வழக்கின்படி, ‘பிரீஸ் பிளாக்’ என்கிறார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. நிலக்கரியில் இருந்த கந்தகம் சிண்டரிலும் கொஞ்சம் தங்கிவிடும். ஈரம் சேர்ந்தால் அது உள்ளிருக்கும் இரும்புக் கம்பியை அரிக்கும். பழைய சிண்டர் கான்கிரீட் தளங்களைப் பழுதுபார்க்கும் பொறியாளர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த தலைவலி.

இன்று அமெரிக்கர்கள் சிண்டர் பிளாக் என்று சொல்லி வாங்கும் கல்லில் பெரும்பாலும் சிண்டர் இருப்பதில்லை. மணலும் ஜல்லியும் சிமெண்டும்தான். பொருள் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. கணினி உலகம் இன்னும் ஒருபடி மேலே போயிற்று. ஓப்பன்ஸ்டாக் என்ற மேகக் கணிமை மென்பொருளில் தரவுகளைத் தொகுதி தொகுதியாகச் சேமிக்கும் பகுதிக்குச் சிண்டர் என்று பெயர். தொகுதிக்கு ஆங்கிலத்தில் ‘பிளாக்’, பிளாக் என்றதும் சிண்டர் பிளாக். அவ்வளவுதான் நகைச்சுவை. ரோமானியக் கிட்டத்தில் தொடங்கிய சொல்லுக்கு இது எவ்வளவு தூரத்துப் பேரன் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

தண்ணீர் தேங்காமல் வடிந்துவிடும் என்ற குணம் சிண்டரை மண்ணில் பரப்பவும் வழி செய்தது. நீராவி ரயில் காலத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை, ஒவ்வோர் எஞ்சினும் கொட்டிக்கொண்டே போனது. எஞ்சின் வெளியேற்றும் நீராவியின் இழுப்பு, எரியும் சிறு துண்டுகளைப் புகைபோக்கி வழியே வாரி வெளியே வீசும். பயணிகளின் கண்ணில் விழுந்தது அதுதான், பாதையோரப் புற்களில் தீப்பற்ற வைத்ததும் அதுதான். புகைபோக்கிக்குள் தீப்பொறி தடுப்பான்கள் வைக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் ஸ்கார்பரோவுக்கும் விட்பிக்கும் இடையே ஓடிய கடலோர ரயில் பாதையில் தண்டவாளத்துக்கு அடியில் உடைகல்லுக்குப் பதிலாகச் சிண்டரையே போட்டிருந்தார்கள். 1965இல் ரயில் நின்றுபோனது. அந்தத் தடம் இன்று நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்குமான ‘சிண்டர் டிராக்’.

அதே பெயர் ஓட்டப்பந்தயக் களத்துக்கும் உண்டு. செயற்கை ரப்பர்த் தளங்கள் வருவதற்கு முன் உலகின் பெரிய பந்தயங்கள் பெரும்பாலும் சிண்டர்த் தளத்தில்தான் நடந்தன. சலித்த சிண்டரைக் களிமண்ணோடு கலந்து, உருளை ஓட்டி அமுக்கி, சுண்ணாம்பால் கோடு போடுவார்கள். மழை பெய்தால் தளம் கனத்துக் காலை இழுக்கும், வெயிலில் காய்ந்தால் பொடிந்து வழுக்கும். நெடுந்தூர ஓட்டக்காரர்கள் மிதித்து மிதித்து உட்புறத் தடம் மட்டும் குழி விழுந்துபோகும். விழுந்தவர்களின் முழங்காலில் கருந்துகள் தோலுக்குள் புகுந்து, காயம் ஆறிய பிறகும் பச்சை குத்தியதுபோல் தங்கிவிடும். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அமெரிக்க ஓட்டக்காரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் ஓடியபோது, கால் ஊன்றிக் கிளம்புவதற்கான குழியை அவரே சிறு கொத்துக்கரண்டியால் சிண்டரில் தோண்டிக்கொள்ள வேண்டியிருந்தது. கிளம்பு கட்டைகளுக்கு ஒலிம்பிக்கில் இடம் கிடைத்தது 1948இல்தான்.

இந்தத் தளத்தின் மிகப் பெரிய நாள் 1954 மே 6. ஆக்ஸ்ஃபோர்டின் இஃப்லி ரோடு களத்தில் ராஜர் பேனிஸ்டர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 வினாடியில் ஓடினார். நான்கு நிமிடத்துக்குள் ஒரு மைல் என்பது அன்றுவரை எவருக்கும் வசப்படவில்லை. அவர் மருத்துவ மாணவர். தம் முள்காலணியின் ஆணிகளை ஆய்வகத்துச் சாணைக்கல்லில் தீட்டி, ஈரச் சிண்டர் ஒட்டிக்கொண்டு எடை கூட்டாதிருக்க அவற்றின்மேல் கிராஃபைட்டைத் தேய்த்துக்கொண்டார். கரியோடு போராடக் கரியையே துணைக்கு அழைத்திருக்கிறார், கிராஃபைட்டும் கரிதானே! இன்றைய ரப்பர்த் தளத்தில் அதே கால்கள் எவ்வளவு வேகமாக ஓடியிருக்கும் என்ற விவாதம் ஓயாது. நான் அதில் இறங்கவில்லை. 1964 டோக்கியோதான் சிண்டரில் நடந்த கடைசி ஒலிம்பிக். 1968இல் மெக்சிகோ நகரம் செயற்கைத் தளத்துக்கு மாறியது.

மெக்சிகோ என்றதும் சிண்டரின் இன்னொரு பிரம்மாண்டப் பொருள் நினைவுக்கு வருகிறது. 1943 பிப்ரவரி 20 அன்று மிச்சோவகான் மாநிலத்தில் தியோனிசியோ புலிதோ என்ற விவசாயியின் சோள வயலில் நிலம் பிளந்தது. புகை வந்தது, பிறகு கற்கள் வந்தன. ஓராண்டுக்குள் அங்கே 336 மீட்டர் உயர மலை நின்றது. 1952இல் அது அடங்கியபோது உயரம் 424 மீட்டர். பரிகுத்தின் என்ற அந்த எரிமலையை அறிவியலாளர்கள் அது பிறந்த சில நாள்களிலிருந்து அடங்கும்வரை உடனிருந்து பார்த்தார்கள். எரிமலைக் குழம்பு இரண்டு ஊர்களை மூடியது. சான் ஹுவான் பரங்கரிகுத்திரோ ஊரின் தேவாலயக் கோபுரம் மட்டும் கரும்பாறைக்கு மேலே இன்றும் தலைநீட்டிக்கொண்டிருக்கிறது. குழம்பில் சிக்கி யாரும் சாகவில்லை. வெடிப்பு உண்டாக்கிய மின்னல் தாக்கி மூவர் இறந்தார்கள்.

இப்படிப்பட்ட மலைக்கு நிலவியலில் ‘சிண்டர் கூம்பு’ என்று பெயர். வாயு நிறைந்த குழம்பு சோடாவைப்போல் பொங்கி மேலே தெறிக்கிறது. காற்றிலேயே உறைந்து, துளை துளையான துண்டுகளாக வாயைச் சுற்றி விழுகிறது. குவிந்த துண்டுகள் சரியாமல் நிற்கக்கூடிய சாய்வு முப்பது டிகிரியைச் சற்றே தாண்டும், அதனால்தான் இந்தக் கூம்புகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைபோல் தெரிகின்றன. துண்டுகள் கருப்பு, சூட்டோடு காற்றுப்பட்டு இரும்பு ஆக்சைடானால் சிவப்பு. பார்த்தால் அப்படியே நிலக்கரி உலையின் சிண்டர்தான்.

ஆனால் இங்கேதான் எனக்கு ஆட்சேபம். எரிமலைச் சிண்டர் எதுவும் எரிந்ததே இல்லை. எரிமலைக்குள் எரிபொருள் கிடையாது, தீ கிடையாது. அது உருகிய பாறை, உருகியது உறைந்தது, அவ்வளவே. எரிமலை என்ற தமிழ்ப் பெயரும் இதே தவறைத்தான் செய்கிறது என்று நீங்கள் சொன்னால் எனக்குப் பதில் இல்லை. கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படித்தான் பெயர் வைப்போம். ‘ஸ்கோரியா’ என்ற சொல்லை நிலவியலாளர்கள் அதிகம் விரும்புவது இதனாலும் இருக்கலாம் என்று நினைத்தால், அதற்கும் கிரேக்கத்தில் கசடு, கிட்டம் என்றே பொருள். கொல்லன் பட்டறையிலிருந்து தப்பிக்க வழியில்லை.

அமெரிக்காவின் அரிசோனாவில் சன்செட் கிரேட்டர் என்ற சிண்டர் கூம்பு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வெடித்தது. 1928இல் ஒரு படக்குழு, மலைச்சரிவுக் காட்சிக்காக அதன் பக்கத்தை வெடிவைத்துத் தகர்க்கத் திட்டமிட்டது. உள்ளூர் மக்கள் எதிர்த்தார்கள், 1930இல் அது தேசிய நினைவுச்சின்னம் ஆனது. அந்த மலையைக் காப்பாற்றிய நாடு, அதன் வெடிப்பில் பரந்து விழுந்த சிண்டர் வெளியில் 1967இல் தானே வெடிவைத்தது. நிலவுக்குப் போகும் விண்வெளி வீரர்களுக்குப் பயிற்சிக்களம் வேண்டியிருந்தது. சிண்டர் லேக் என்ற அந்தச் சமவெளியில், அமைதிக் கடல் எனப்படும் நிலவுப் பகுதியின் படத்தை வைத்துக்கொண்டு, அதே அளவில் அதே இடைவெளியில் குழிகளை உண்டாக்கினார்கள், முதல் தொகுதியில் 47. கருஞ்சிண்டருக்கு அடியில் வெளிர்நிறக் களிமண் இருந்ததால், வெடித்துச் சிதறிய மண் நிலவுக் குழிகளைச் சுற்றித் தெரியும் வெண்கதிர்களை நினைவூட்டியது. எந்தக் குழி பழையது, எந்தக் குழி புதியது என்று வீரர்கள் படித்தறிய வேண்டும் என்பதற்காக வெடிகளை வரிசை வைத்து வெடித்தார்கள். ஏரி என்று பெயர், தண்ணீர் இல்லை. நிலவின் அமைதிக் கடலுக்கும் அதே நிலைதான்.

வானியலில் இந்தச் சொல் இன்னும் மேலே போகிறது. சூரியனைப் போன்ற விண்மீன் தன் ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் செலவழித்து, வெளி அடுக்குகளை உதறிய பிறகு மிஞ்சும் உட்கருவுக்கு வெண்குறுமீன் என்று பெயர். ஆங்கிலத்தில் எழுதும் வானியலாளர்கள் அதை விண்மீன் சிண்டர் என்று சொல்ல விரும்புவார்கள். 1862இல் ஆல்வன் கிரஹாம் கிளார்க் கண்ட சிரியஸ் பி அப்படிப்பட்ட ஒன்று: எடை ஏறக்குறைய சூரியன், அளவு ஏறக்குறைய பூமி.

எரிமலைக்குச் சொன்ன ஆட்சேபத்தை இங்கும் சொல்லலாம்தான். விண்மீனுக்குள் நடப்பது அணுக்கரு இணைவு, ஆக்சிஜனில் பற்றும் தீ அல்ல. ஆனால் வெண்குறுமீன் எதனால் ஆனது என்று பாருங்கள். பெரும்பாலானவற்றில் கரிமமும் ஆக்சிஜனும். அடுப்பில் சந்தித்தால் பற்றிக்கொள்ளும் இரண்டும் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன, எரிவதில்லை. அந்த அழுத்தத்தில் எலக்ட்ரான்கள் எந்த ஓர் அணுவுக்கும் சொந்தமாக இருப்பதில்லை, வேதிவினைக்கு வழியே இல்லை. அணுக்கரு வழியில் அந்தக் கரிமம் இன்னும் எரிபொருள்தான், பற்றவைக்கும் சூடும் அழுத்தமும் போதவில்லை என்பதே குறை.

அந்தக் குறை எப்போது தீரும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. 1930இல், பத்தொன்பது வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் அதைக் கணக்கிடத் தொடங்கினார். வெண்குறுமீன் தாங்கக்கூடிய எடை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. அதற்குமேல் அது தன்னைத் தாங்கிக்கொள்ள முடியாது. பிரிட்டனின் புகழ்பெற்ற வானியலாளர் ஆர்தர் எடிங்டன் 1935இல் இதை வெளிப்படையாகவே எள்ளினார். 1983இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு வந்தது.

துணை விண்மீனிலிருந்து வாயுவை இழுத்து இழுத்து ஒரு வெண்குறுமீன் அந்த எல்லையை நெருங்கினால், உள்ளிருக்கும் கரிமம் பற்றிக்கொள்ளும். ஒருமுறை பற்றினால் நிறுத்த முடியாது, முழு விண்மீனும் வெடித்துச் சிதறும். இவற்றை முதலாம்-ஏ வகை மீயொளிர் விண்மீன்கள் என்கிறார்கள். இரண்டு வெண்குறுமீன்கள் மோதியும் இப்படி நடக்கலாம். எந்த வழியில் பற்றினாலும் எரிவது மிஞ்சிக் கிடந்த கரிமம்தான். 1572 நவம்பரில் காசியோப்பியா விண்மீன் கூட்டத்தில் டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராகி பார்த்து வியந்த ‘புதிய விண்மீன்’ இந்த வகையைச் சேர்ந்தது என்று அதன் ஒளியின் எதிரொலியை, அதாவது விண்வெளித் தூசில் பட்டுத் தெறித்துத் தாமதமாக வந்து சேர்ந்த ஒளியை, ஆராய்ந்து 2008இல் உறுதிசெய்தார்கள். புதிதே அல்ல, அணைந்துவிட்டதாகக் கிடந்த பழையது. வெள்ளிக் கோளோடு போட்டியிட்டுப் பகலிலும் கண்ணுக்குத் தெரிந்தது.